சுளுக்கு மிதித்த கால்

நான் பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால்தான் முதலில் வெளியே வந்தது. அதற்குப் பிறகு வாழ்க்கையில் எதிலும் நான் முந்தியதில்லை. ஆனால் அந்த ஒன்றுக்காகவே சூரியநெல்லிக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட்டில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. கால் முந்திப் பிறந்தவன் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலைக்காக மலையேறி வந்தபோது ஆட்டுரலையும் அம்மியையும் விட்டுவிட்டு வந்தவர்கள், இதை மட்டும் மறக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் மஸ்டருக்குப் போவதற்கு முன்னால், மிதிப்பவனும் மிதிபடுபவனும் வெறும் வயிற்றோடு இருக்க, மிதிக்க வேண்டும். சுளுக்குக்காரர் எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் குப்புறப் படுத்திருப்பார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இடது குதிகாலால் மூன்று தரம் நீவிவிடுவேன். கூலி வாங்கக் கூடாது, வாங்கினால் பலிக்காது. கங்காணியின் இடுப்பைக்கூட மிதித்திருக்கிறேன். நாள் முழுக்க என் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிற மனுசன், என் காலுக்குக் கீழே கிடந்து, "மெள்ள மிதிலே, ராசா" என்று கெஞ்சுவார். இதைவிட வேறென்ன கூலி வேண்டும்?

பள்ளிக்கூடத்துப் பக்கமும் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். எங்கள் மலையில் மழை அதிகம் என்பதால் நிறையவே ஒதுங்கியிருக்கிறேன். இருந்தும் ஒன்றும் ஏறவில்லை.

எனக்குக் கவ்வாத்து வேலை. வளர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டமாக வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. நாள் பூராவும் குனிந்தே நிற்க வேண்டும். வேலை முடிந்து திரும்பும்போது வெட்டிய விறகைக் கட்டித் தலையில் வைத்து லயத்துக்குத் தூக்கிவர வேண்டும். இளவட்டமாக இருந்த காலத்தில் மற்றவர்கள் ஒரு கட்டு தூக்கினால், பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று நான் இரண்டு கட்டை ஏற்றிக்கொண்டு ஆடிக்கொண்டே இறங்குவேன். கழுத்து அப்போது ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்திருக்கிறது.

முதலில் விரல் நுனி மரத்தது. பனிக்காலம், எல்லாருக்கும்தான் மரக்கும் என்று இருந்தேன். அப்புறம் டீக்கடையில் கிளாஸ் கையை விட்டு நழுவியது. கடையே சிரித்தது. நான் என்ன செய்தாலும் சிரிக்கிற கடை அது. மறுபடியும் நழுவியபோது கடைக்காரர், "ஒம்ம வெளையாட்டுக்கு என் கிளாசுதான் கெடச்சுதாவே?" என்று முறைத்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். கிளாஸைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்பதே என் கைக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும் அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்திருப்பார்கள்.

பிறகு தலையைக் குனிந்தால் பிடரியிலிருந்து குதிகால் வரைக்கும் சுரீரென்று ஒரு ஓட்டம். எங்கள் லயத்துக்கு அப்போது கரண்டு வந்திருக்கவில்லை. எனக்கு மட்டும் வந்துவிட்டது. நடக்கும்போது கால் விறைத்து ஒன்றோடொன்று பின்னியது. தேயிலைக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் நான் தள்ளாடுவதைப் பார்த்துவிட்டு என் பெண்டாட்டி கொழுந்துக் கூடையோடு நின்றாள்.

"காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டீகளாக்கும்?"

"மோந்து பாரு."

மோந்து பார்த்தாள். வெற்றிலை வாசம்தான். அப்போதும் நம்பவில்லை. எந்தக் கடையில் வாசமில்லாத சாராயம் விற்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் திருவிழாவுக்குப் புறப்பட்டபோது நான் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தேன். விரல்கள் பித்தானைச் சுற்றிச் சுற்றி வந்தன, துளைக்குள் போகவில்லை. அவள் எனக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். சிரிக்க ஆள் இல்லாத இடத்தில் இவன் விளையாட மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். முன்னால் வந்து பித்தானை மாட்டிவிட்டாள். அன்று அவள் திருவிழாவுக்கு வரவில்லை.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் தைலம் கொடுத்தார்கள். தைலத்துக்கு அடங்காதது சுளுக்குத்தானே? அதை நானே முடிவு செய்தேன். ஊருக்கெல்லாம் மிதிப்பவன் தன் பிடரியைத் தானே மிதிக்க முடியாது, முயன்று பார்த்தேன். கால் முந்திப் பிறந்த வேறொருவர் வேண்டும். அந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து ஒருத்திதான் இருந்தாள். ஏலப்பாறை எஸ்டேட்டில் இருந்த என் மாமியார்.

பஸ் பிடித்து வந்துவிட்டாள். மருமகன் கழுத்தை மிதிக்கலாம் என்று மருமகனே வாயால் சொல்கிற பாக்கியம் எந்த மாமியாருக்குக் கிடைக்கும்? லயமே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. நான் குப்புறப் படுத்துக்கொண்டு, "அத்தை, பழைய கணக்கையெல்லாம் இன்னைக்கே தீத்துராதீக" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாவம், மனதாரத்தான் மிதித்தாள். மூன்றாவது மிதியில் உடம்பு முழுக்க மின்னல் அடித்தது. எழுந்திருக்கச் சொன்னார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நான் நடிக்கிறேன் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் தன் காலைத் தானே அடித்துக்கொண்டு அழுதாள். என்னைக் கம்பளியில் போட்டு ஜீப்பில் ஏற்றி மலையிறக்கினார்கள்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சில நாளில் கால் கொஞ்சம் தேறியது, பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது. கை தேறவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு மருந்து ஏற்றி, என்னை மேசையோடு தலைகீழாகச் சாய்த்துப் படம் எடுத்தார்கள். பிறக்கும்போது காலை முன்னால் விட்ட குற்றத்துக்கு இப்போது தலையை முன்னால் விடச் சொல்கிறார்கள் போல. பெரிய டாக்டர் மலையாளி, தமிழைத் தேடித் தேடிப் பேசுகிறவர். என் பாதத்தைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். பாதம் தன்னால் டக்டக்கென்று துடித்தது, நிறுத்த முடியவில்லை.

"கண்டோ? இது கழுத்தில உள்ள கேடு. ரெண்டு எல்லு, எலும்பு, அதுக்கு நடுவில உள்ள சவ்வு பின்னால தள்ளி நரம்ப அமுக்குது. முன்வழியா தொண்டைப் பக்கம் திறந்து அத எடுக்கணும். இடுப்பில இருந்து கொஞ்சம் எல்லு எடுத்து அங்க வைக்கணும்."

"நோவு பின்னால இருக்கு, அறுக்கிறது முன்னாலயா சார்? ஆட்டுக்குத்தான அப்படி அறுப்பாக?"

அவர் சிரிக்கவில்லை. "செஞ்சா, இருக்கிறது நிக்கும். போனது திரும்பி வருமோ, அது ஞான் சொல்ல மாட்டேன். மேசையில ஆபத்தும் உண்டு."

"செய்யலேன்னா?"

"இப்ப கை. பின்னே காலு. பின்னே கட்டில்."

எங்கள் எஸ்டேட்டில் வேலைக்கு ஆகாதவன் என்று எழுதிவிட்டால் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். கை போனால் வீடும் போகும். மேசையிலே உயிர் போனால் எல்லாமே போகும். பெண்டாட்டியிடம் கேட்டேன். அவள் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"கை வெளங்கலேன்னா நான் ஊட்டி விடுதேன். நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டுக் கெடங்க. செத்துட்டீகன்னா நான் யார் பேச்சக் கேட்டு எரிஞ்சு விழுவேன்?"

செய்யலாம் என்கிறாளா வேண்டாம் என்கிறாளா? அவளுக்கே தெரியவில்லை. பாத்திரத்தை மறுபடியும் கழுவினாள்.

பக்கத்துக் கட்டிலில் பாலக்காட்டுக்குக் கிழக்கே பெருமாட்டியிலிருந்து வந்த ஒரு தோட்டக்காரர் இருந்தார். தென்னந்தோப்பும் வயலும் உள்ளவர். வரப்பு சறுக்கி விழுந்ததிலிருந்து அவருக்கும் என் சீக்குதான். கோயமுத்தூரில் பார்த்த டாக்டர் இங்கே அனுப்பியிருந்தார். கை என்னைவிட நன்றாகவே இருந்தது, தன் வெற்றிலையைத் தானே மடித்துக்கொள்வார். அவருக்கும் அதே டாக்டர் அதே ஆப்பரேஷனைத்தான் சொல்லியிருந்தார்.

"ஏனுங், தொண்டைய அறுத்துத்தான் ஆகோணுமுங்களா?" என்று என்னைக் கேட்பார், நான்தான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பதுபோல.

"அண்ணாச்சி, ஒங்களுக்காவது தொண்ட இருக்கு. எனக்கு வாய் மட்டுந்தான்."

அவர் சிரித்தால் கட்டிலே குலுங்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால்களை உதைத்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நாள் முழுக்கக் கதை சொன்னேன். கால் முந்திப் பிறந்தது, கங்காணியின் இடுப்பு, வெறும் வயிறு, இடது குதிகால், மாமியார் மிதித்தது, நான் ஜீப்பில் கிடந்து இறங்கியது எல்லாம். மிதித்த பிறகுதான் இன்னும் மோசமானது என்பதையும் சொன்னேன். ஆனால் அதையும் சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னேன். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

கடைசியில் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அவர்தான் சொன்னார்:

"நீங்க முன்னால போயிட்டு வாங்க. வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நல்லாருக்குதுன்னு நீங்க சொன்னா, நானும் கண்ண மூடிட்டுப் படுத்துக்கறேனுங்க. டாக்டருங்க சொல்றத நம்ப முடியறதில்லீங்க. அவுங்க கழுத்த அவுங்களா அறுத்துப் பாத்தாங்க?"

"முதல் ஆடு நானா அண்ணாச்சி?"

அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் நான் சம்மதித்தேன் என்று நினைக்கிறேன். சம்மதத்துக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். படித்தவனாக இருந்திருந்தாலும் அன்றைக்கு என் கைக்குக் கைநாட்டுதான். அந்த வகையில் படிக்காததால் ஒரு நஷ்டமும் இல்லை.

கண் விழித்தபோது தொண்டையில் தீ வைத்ததுபோல் இருந்தது. அதைவிட, எலும்பு எடுத்த இடுப்பு வலித்தது. கழுத்து ஓட்டையை அடைக்க இடுப்பில் ஓட்டை போட்டிருந்தார்கள். தாடையிலிருந்து நெஞ்சு வரைக்கும் மாவுக்கட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல்மூட்டை. என் பெண்டாட்டி என் வலது கையைப் பிடித்திருந்தாள். அவள் வளையல் குளிர்ந்தது. குளிர்ந்தது! எத்தனையோ மாதமாக என் கைக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

மறுபடியும் திறந்தேன். காற்று.

"மிண்டண்டா, மிண்டண்டா" என்று நர்ஸ் உதட்டில் விரல் வைத்தாள், பேசாதே என்று. குரலுக்குப் போகிற நரம்பு ஆப்பரேஷனில் இழுபட்டிருக்கிறது, நாளாகும், வந்தாலும் வரும் என்று டாக்டர் சொன்னார். ஊரில் உள்ள அத்தனை பேரையும் விட்டுவிட்டு என் குரலையா பிடித்து இழுக்க வேண்டும்? எனக்கென்று இருந்த ஒரே முதல் அதுதான்.

பெண்டாட்டி கஞ்சி வாங்கப் போயிருந்த நேரத்தில் தோட்டக்காரர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்குப் போவதுபோல வந்திருந்தார்.

"ஏனுங், எப்படி இருக்குதுங்க?"

நான் சொன்னேன். நல்லாருக்கு, குளிர் தெரியுது, பயப்படாம போங்க என்று சொன்னேன். ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. தலையாட்டலாம் என்றால் கழுத்து மாவுக்கட்டுக்குள். கையைத் தூக்கினேன், பாதி தூரம் நடுங்கிக்கொண்டு போய்த் தொப்பென்று விழுந்தது. எச்சில் விழுங்கிய வேதனையில் கண்ணீர் வேறு ஓடியது. ஒரு மனுசனைப் பயமுறுத்த இதைவிட என்ன செய்ய வேண்டும்? அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். "சிரமப்படாதீங்க" என்று என் போர்வையை இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

பெண்டாட்டி வந்ததும் பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டினேன். "அவுக வெளியில உக்காந்திருக்காக. நீங்க கண்ண மூடுங்க" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் வெந்நீர் வாங்கப் போனாள். தோட்டக்காரரும் அவர் சம்சாரமும் மூட்டை முடிச்சோடு என் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார்கள். அவர் சட்டையைக் கழற்றியிருந்தார்.

"நான் ஊருக்குப் போறேனுங்க. உங்களாட்டம் வாயில்லாத சீவனா என்னால கெடக்க முடியாதுங்க. இன்னும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கலீங்க, வெறும் வயிறுதான்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சொல்லிக்கொடுத்த விதியெல்லாம் ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறார். மாமியார் கதையை மட்டும் வேடிக்கை என்று விட்டுவிட்டார். அவர் தரையில் மண்டியிட்டு, என் இடது காலை இரண்டு கையாலும் எடுத்துத் தன் பிடரியில் வைத்தார்.

வேண்டாம் என்று கத்தினேன். கத்தியது எனக்கு மட்டும் கேட்டது. காலை இழுத்துக்கொள்ள முயன்றேன். டாக்டர் அன்று தள்ளிவிட்டபோது துடித்ததே, அதேபோல் பாதம் டக்டக்கென்று அவர் கையிலேயே துடிக்க ஆரம்பித்தது.

"பாத்தியா புள்ளே, துடிக்குது பாரு! சக்தி இருக்குதுன்னு சொன்னேனல்ல?"

அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் மூன்று தரம் நீவிக்கொண்டார். எழுந்து என் பாதத்தைப் போர்வைக்குள் பத்திரமாக வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார். கழுத்தைத் திருப்ப முடியாததால் அவர்கள் வாசலைத் தாண்டுவதைக்கூட நான் பார்க்கவில்லை. கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்டாட்டி வெந்நீரோடு வந்து, வெறுங்கட்டிலைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, செம்பை வைத்துவிட்டுக் கேட் வரைக்கும் ஓடினாள். பஸ் போய்விட்டிருந்தது.

மலைக்குத் திரும்பி மாவுக்கட்டோடு கிடந்த காலத்தை வைத்துச் சிரிக்க அதிகம் இல்லை. கட்டுக்குள் அரிக்கும், யூக்கலிப்டஸ் குச்சியை விட்டுச் சொறிவேன். எறும்பு ஒன்று உள்ளே போய்க் குடும்பம் நடத்தியது. கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்கப் பழகினேன். லயத்துச் சுவரைத் தடவித் தடவிக் கடைசி வீடு வரைக்கும் நடக்கப் பழகினேன். ஆட்கள் பார்க்க வந்தார்கள், சிரிக்கலாம் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள், நான் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். மாமியார் வந்தாள், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டுப் போனாள். உள்ளே கால் வைக்கவில்லை.

குரல் வந்தது. தகரத்தைக் கல்லில் இழுக்கிற மாதிரி. வலது கை பாதிக்கு மேல் திரும்பியது, பித்தான் போட முடியும். இடது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் யாருடையதோ போலத்தான் இருக்கிறது. கவ்வாத்துக் கத்தியை அதன் பிறகு தொடவில்லை. நாற்றங்காலில் மாடு விரட்டும் லேசான வேலை கொடுத்தார்கள். என் தகரக் குரலைக் கேட்டு மாடுகள் ஓடுவதற்குப் பதிலாக நின்று திரும்பிப் பார்க்கும். ஆனாலும் அது வேலைதான். லயத்து அறை எங்களிடமே இருந்தது.

அடுத்த மழைக்காலம் முடிந்து, கழுத்தைக் காட்டப் பெண்டாட்டியோடு கீழே போனேன். டாக்டர் அறைக்கு வெளியே நடைவழியில், சுவர் ஓரமாக ஒரு தள்ளுகட்டில். பக்கத்தில் நின்ற அந்த அம்மாதான் முதலில் என்னை அடையாளம் கண்டாள்.

"ஏனுங், இங்க பாருங்க ஆரு வந்திருக்கறாங்கன்னு" என்று குனிந்து சொன்னாள்.

தோட்டக்காரரின் கண் மட்டும் திரும்பியது. பாதி ஆளாக இருந்தார். கைகள் போர்வைக்கு மேல், வைத்தது வைத்தபடி கிடந்தன. முகம் மலர்ந்தது.

"நடந்தே வர்றீங்களே! உங்க கால் பட்டப்பொறம் எனக்குக் கொஞ்ச நாள் நல்லாத்தானுங்க இருந்துச்சு. இப்ப வலியே இல்லீங்க. கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே தெரியறதில்லீங்க."

"டாக்டர் நேரங்கெட்டுப்போச்சுன்னுட்டாருங்க. இனி அறுத்துப் பிரயோசனமில்லையாமுங்க" என்றாள் அந்த அம்மா. குரலில் என் மேல் ஒரு துளிக் கோபமும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அன்னிக்கு நான் வந்து கேட்டப்ப, நீங்க வாயத் திறந்து என்னமோ சொல்ல வந்தீங்களே. என்னங்க அது? ஊட்டுல படுத்துட்டு அதையேதான் நெனச்சுட்டிருப்பேன்."

என் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். என்ன சொல்ல வந்தேன் என்று அவளுக்குத் தெரியும், குரல் வந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தேன். இப்போது என்னிடம் குரல் இருந்தது. தகரமோ என்னவோ, கேட்கிற அளவுக்கு இருந்தது.

"அதுவா அண்ணாச்சி? இடுப்புல ஒரே அரிப்பு. ஒரு சொறி சொறிஞ்சு விட்டுட்டுப் போங்கன்னு சொல்ல வந்தேன். நீங்க போர்வைய இழுத்து மூடிட்டுப் போயிட்டீக."

அவர் சிரித்தார். கண்ணும் வாயும் கன்னமும் முன்போலவே அப்படிச் சிரித்தன. கட்டில் குலுங்கவில்லை. போர்வை அசையவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்து காதுப் பக்கம் வழிந்தது, அந்த அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள். உள்ளே என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் காலை நகர்த்தவில்லை. இன்னொன்று சொல்லச் சொன்னார், சொன்னேன்.